தடகளத்தில் தமிழர்: ஒரு மதிப்பீடு

ஓடவும் தாண்டவும் பளு தூக்கவும் உரிய தேகபலம் தமிழருக்கு இயற்கையிலேயே அமைந்திருக்கிறதா, அமைந்திருக்குமாயின் உலக அரங்குகளில் அது ஏன் இவ்வளவு அரிதாகவே வெளிப்படுகிறது என்னும் வினா, திருவண்ணாமலை போன்ற ஓர் ஊரில் இருந்துகொண்டு சிந்திப்பவனுக்கு மற்றவர்களைக் காட்டிலும் சற்றுக் கூர்மையாகவே எழும். பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கான ஜனங்கள் செருப்பில்லாத காலோடு 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையைச் சுற்றி வருவதையும், கார்த்திகை மாதத்தில் பருவதராஜகுலத்தார் தீபக் கொப்பரையைச் சுமந்துகொண்டு 2,668 அடி உயர மலையின் உச்சிக்கு வழுக்குப் பாறைகளின் மீது அடி பிசகாமல் ஏறுவதையும் வருஷந்தோறும் கண்டு பழகிய கண்கள், நம்மவருக்கு உடம்பில் தெம்பு போதாது என்ற வாதத்தை ஒப்புக்கொள்ள மறுக்கும். அப்படியானால் குறை எங்கே என்று கேட்டால், தேரடியிலும் தேநீர்க் கடைகளிலும் இரண்டு சமாதானங்கள் தயாராகக் கிடைக்கும். ஒன்று, அதெல்லாம் ரத்தத்தில் வர வேண்டும் என்பது. மற்றொன்று, வயிற்றுக்கு இல்லாதவன்தான் ஓடுவான், வறுமையே வீரனை உண்டாக்குகிறது என்பது. இவை இரண்டும் ஒரு நூற்றாண்டுச் சரித்திரத்தின் முன் நிற்குமா என்று பரிசீலிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஹாக்கியிலும் கிரிக்கெட்டிலும் சதுரங்கத்திலும் தமிழர் அடைந்த கீர்த்தி தனியே எழுதப்பட வேண்டிய விஷயம். அவற்றை இங்கே தொடவில்லை. தடகளம் ஒன்றையே பிரதானமாகக் கொண்டு, அக்கம்பக்கத்து உறவாகப் பளு தூக்குதலையும் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். தமிழர் என்ற சொல்லையும் தமிழ்நாட்டு எல்லைக்குள் அடக்கவில்லை. அடக்கினால் இச்சரித்திரத்தின் மிகச் சிறந்த முற்பகுதி கடலுக்கு அப்பால் நின்றுவிடும்.

இவ்வூருக்கு உலகெங்கும் பிரசித்தி தேடித் தந்த ரமண மகரிஷி, 1896 செப்டம்பர் 1ஆம் தேதி இங்கே வந்து சேர்வதற்கு முன்னால், மதுரையில் வேங்கடராமன் என்னும் மாணவராக இருந்த காலத்தில், பாடப் புத்தகத்தைவிடக் கால்பந்திலும் மல்யுத்தத்திலும் நீச்சலிலுமே அதிக ஈடுபாடு கொண்டிருந்தார் என்பதை அவருடைய சரித்திரத்தை வாசித்தவர் அறிவர். விளையாட்டு உலகம் ஒரு நல்ல ஆட்டக்காரரை இழந்தது என்று வேடிக்கையாகச் சொல்லலாம். ஆனால் அக்காலத்துப் பள்ளிப் பையன் ஒருவன் எவ்வளவு திறமை உடையவனாயினும் அத்திறமையைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஓர் இடம் இருக்கவில்லை என்பதே உண்மை. அந்த இடம் உண்டாகத் தொடங்கியது 1920இல், அமெரிக்கரான ஹாரி க்ரோ பக் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கியபோதுதான். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்தியக் குழுவோடும் அவர் போய் வந்தார். அக்கல்லூரி நேராக உண்டாக்கிய ஒலிம்பிக் வீரர்களைக் காட்டிலும், அங்கே பயின்று மாவட்டந்தோறும் பள்ளிக்கூடங்களுக்குப் பரவிய உடற்பயிற்சி ஆசிரியர்களின் வரிசையையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

டிரில் மாஸ்டர் என்றும் பிற்காலத்தில் பி.டி. சார் என்றும் மாணவர் அழைத்த அந்த மனிதரை நம் கதைகள் பெரும்பாலும் பிரம்பும் விசிலுமாக, சற்றுக் கேலியாகவே சித்திரித்திருக்கின்றன. பள்ளிக்கூடத்தில் அவருக்கு இருந்த அந்தஸ்தும் அவ்வளவே. கணக்கு ஆசிரியர் வராத நாளில் வகுப்பைச் சத்தமில்லாமல் வைத்திருப்பது, காலைப் பிரார்த்தனைக்கு வரிசை கட்டுவது, சுதந்திர தினத்துக்குக் கொடிக்கம்பம் நடுவது ஆகிய பணிகளுக்கு இடையே மிச்சமிருக்கும் நேரத்தில்தான் அவர் தம் தொழிலைச் செய்ய வேண்டியிருந்தது. ஆண்டு விழாவுக்கு ஒரு வாரம் முன்பு, கருவேல முள்ளைப் பொறுக்கி எறிந்துவிட்டு, நடுவில் ஒரு முளையடித்துக் கயிற்றைக் கட்டி வளைவுகளை அளந்து, நீரில் கரைத்த சுண்ணாம்பைத் துளையிட்ட டப்பாவில் ஊற்றிக் கோடு போட்டு, 200 மீட்டர் ஓடுபாதை ஒன்றை அவர் மண் தரையிலே எழுப்பிவிடுவார். ஆற்று மணலைக் கொட்டி நிரப்பிய குழியே நீளம் தாண்டும் அரங்கம். இரண்டு சவுக்குக் கழியும் ஒரு மூங்கிலுமே உயரம் தாண்டும் சாதனம். மழை வந்தால் கோடு அழிந்துவிடும். மறுநாள் காலையில் அதே மனிதர் அதே கயிற்றோடு வந்து குனிவார். பின்வரும் பெயர்களில் அநேகம் இத்தகைய மண்ணிலிருந்து எழுந்தவையே.

முதற்பெயர் யாழ்ப்பாணத்தினது. யாழ் மத்திய கல்லூரியில் பயின்ற நாகலிங்கம் எதிர்வீரசிங்கம், இருபது வயது நிரம்புமுன்பே 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் இலங்கைக்காக உயரம் தாண்டினார். 1956 மெல்போர்னிலும் தாண்டினார். 1958இல் டோக்கியோவில் நடந்த ஆசிய விளையாட்டில் 6 அடி 8 அங்குலம், அதாவது 2.03 மீட்டர், கடந்து தங்கப் பதக்கம் பெற்றார். ஆசிய விளையாட்டில் இலங்கை கண்ட முதல் தங்கம் அது. 1962 ஜகார்த்தாவில் வெள்ளியும் அவருக்குக் கிடைத்தது. தாண்டும் கோலைத் தாண்டியதோடு அவர் நின்றுவிடவில்லை; கலிபோர்னியாவில் படித்து, பின்பு கார்னெல் பல்கலைக்கழகத்தில் விவசாயத் துறையில் டாக்டர் பட்டம் பெற்றார். கல்வியும் விளையாட்டும் ஒன்றையொன்று கெடுக்கும் என்று இன்றும் நம் வீடுகளில் வேதவாக்காகச் சொல்லப்படுவதற்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டியதில்லை. வறுமையே வீரனை உண்டாக்குகிறது என்ற வாதமும் இந்த முதற்பெயரிலேயே ஆட்டம் கண்டுவிடுகிறது. யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு வாய்த்தது, விளையாட்டைக் கௌரவமான காரியமாகக் கருதிய பள்ளிக்கூடங்களின் நீண்ட சம்பிரதாயம்.

அடுத்த காட்சி 1966ஆம் ஆண்டு பாங்காக். ஆசியாவின் அதிவேக மனிதர் யார் என்று தீர்மானிக்கும் 100 மீட்டர் இறுதி ஓட்டத்தில் முதலிரண்டு இடங்களைப் பிடித்தவர்கள் மலேசியாவின் மணி ஜெகதீசனும் சிங்கப்பூரின் கனகசபை குணாளனும் ஆவர். இருவரும் தமிழ்க் குடும்பங்களில் பிறந்தவர்கள். இருவருக்கும் கடிகாரம் காட்டியது ஒரே நேரம். புகைப்படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துத்தான் தங்கம் ஜெகதீசனுக்கு என்று முடிவு சொன்னார்கள். அந்த விளையாட்டிலேயே 200 மீட்டரிலும் தொடரோட்டத்திலும் ஜெகதீசனுக்கு மேலும் இரு தங்கங்கள் சேர்ந்தன. பெண்கள் 400 மீட்டரில் மலேசியாவுக்குத் தங்கம் கொண்டுவந்தவர் எம். ராஜாமணி. அந்நாடு தன் சிறந்த விளையாட்டு வீரர், வீராங்கனை விருதுகளை அவ்வாண்டு முதன்முதலாக ஏற்படுத்தியபோது அவற்றைப் பெற்றவர்கள் ஜெகதீசனும் ராஜாமணியுமே. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கின் 200 மீட்டரில் அரையிறுதி வரை சென்று ஜெகதீசன் பதித்த 20.92 விநாடி மலேசிய தேசிய சாதனையாக 2017 வரை நிலைத்தது; அதே ஒலிம்பிக்கில் குணாளன் ஓடிய 10.38 விநாடியைச் சிங்கப்பூரில் ஒருவர் முறியடிக்க 33 ஆண்டுகள் ஆயின. ஜெகதீசன் வைத்தியர்; பிற்காலத்தில் மலேசிய சுகாதாரத் துறையின் உயர் பதவியில் அமர்ந்தார். குணாளன் பள்ளி ஆசிரியர். கால்பந்து ஆடிக்கொண்டிருந்த அவரிடம் ஓட்டக்காரர் ஒருவர் ஒளிந்திருப்பதைக் கண்டு தடத்துக்கு இழுத்து வந்தவர் டான் எங் யூன் என்னும் பயிற்சியாளர். அந்த ஒரு மனிதரின் கண்ணுக்கு அகப்படாமல் போயிருந்தால் பாங்காக்கின் புகைப்படத்தில் இரண்டாவது மார்பு வேறொருவருடையதாக இருந்திருக்கும்.

இரத்தத்தின் மகிமை என்றால் அந்த இரத்தம் தமிழகத்திலும் ஓடுகிறதல்லவா? அதே ஆண்டுகளில் தமிழகத்துக் கிராமங்களில் ஜெகதீசனை நிகர்த்த கால்கள் இல்லாமலா போயின? இருந்திருக்கும், அவற்றைப் பார்த்தவர் இல்லை.

இவ்விடத்தில் தூரதேசத்து உதாரணம் ஒன்றைச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. கரீபியக் கடலில், அடிமைத்தளையைத் தாமே அறுத்துக் குடியரசு கண்ட கறுப்பின மக்களின் நாடான ஹைத்தி, 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்குக்கு அனுப்பிய சில்வியோ கத்தோர் நீளம் தாண்டுதலில் வெள்ளிப் பதக்கம் வென்றார். அதே ஆண்டு செப்டம்பரில் பாரிஸ் நகரத்தையடுத்த கொலோம்பில் 7.93 மீட்டர் தாண்டி உலக சாதனையே நிகழ்த்தினார். தலைநகர் போர்ட்டோ பிரின்சிலுள்ள தேசிய மைதானத்துக்கு அவர் பெயரைச் சூட்டி அந்நாடு கௌரவித்தது. ஆயினும் 1924இல் துப்பாக்கி சுடும் குழு பெற்ற வெண்கலத்தையும் சேர்த்து இந்த இரண்டே ஒலிம்பிக் பதக்கங்களோடு ஹைத்தியின் கணக்கு ஒரு நூற்றாண்டாக நின்றுவிட்டது. வறுமை வீரரை உண்டாக்கும் என்பது மெய்யானால், மேற்கு அர்த்தகோளத்திலேயே மிகவும் ஏழை நாடு என்று பெயர் பெற்ற அது பதக்கங்களால் நிறைந்திருக்க வேண்டாமா? மகாபுருஷர் ஒருவர் எங்கும் எப்போதும் தோன்றக்கூடும். அவருக்குப் பின் இரண்டாமவர் தோன்றுவதற்குத்தான் ஏற்பாடு வேண்டும்.

தமிழகத்துக்குத் திரும்பிப் பார்த்தால், சென்ற இருபது ஆண்டுகளின் பட்டியலில் கவனிக்கத் தக்க விஷயம் ஒன்று உண்டு. பெயர்கள் மாநிலம் முழுவதும் சமமாகச் சிதறிக் கிடக்கவில்லை. கொத்துக் கொத்தாகவே வருகின்றன. திருச்சி வட்டாரத்திலிருந்து ஆரோக்கிய ராஜீவ், கோமதி மாரிமுத்து, தனலட்சுமி சேகர், சுபா வெங்கடேசன், ராஜேஷ் ரமேஷ். அதையடுத்த புதுக்கோட்டையிலிருந்து சாந்தி சௌந்தரராஜன், சூர்யா லோகநாதன், கோவிந்தன் லட்சுமணன். காவிரித் தண்ணீருக்கோ புதுக்கோட்டைச் செம்மண்ணுக்கோ விசேஷ குணம் ஏதும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. புதுக்கோட்டையின் மூவரையும் ஆரம்பத்தில் கைப்பிடித்து ஓட்டியவர் எஸ். லோகநாதன் என்னும் ஒரே பயிற்சியாளர் என்பதை அறிந்தவுடன் அந்த மர்மம் விடுபட்டுவிடுகிறது. விடியற்காலையில் தவறாமல் மைதானத்துக்கு வந்து நிற்கும் ஒருவர் ஓர் ஊரில் பத்துப் பதினைந்து வருஷம் நிலைத்துவிட்டால் அவ்வூர் வீரர்களைத் தருகிறது. இச்சரித்திரம் முழுவதிலும் நான் கண்ட விதி என்று ஏதேனும் உண்டானால் அது இதுவே.

அம்மூவரில் லட்சுமணன் நெடுந்தூர ஓட்டக்காரர், ராணுவத்தில் சேர்ந்தவர். 2017இல் புவனேஸ்வரத்தில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 5,000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் பெற்றார். மறு ஆண்டு ஜகார்த்தா ஆசிய விளையாட்டின் 10,000 மீட்டரில் மூன்றாவதாக வந்து, தேசியக் கொடியோடு மகிழ்ந்திருந்த சில நிமிஷங்களுக்குள் பதக்கம் பறிபோயிற்று. வேறொருவரை முந்தும் சமயத்தில் அவருடைய கால் ஓடுபாதையின் உள்விளிம்புக் கோட்டுக்கு அப்பால் பட்டுவிட்டது என்பதே காரணம். 25 சுற்றுகளில் ஓரடி. விதி விதிதான், அதைக் குறைசொல்ல இடமில்லை. ஆனால் அதே புதுக்கோட்டைக்கு அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னால் நேர்ந்ததை விதி என்ற பெயரால் விழுங்கிவிட முடியாது.

கத்தக்குறிச்சிக் கிராமத்தின் செங்கற்சூளைத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த சாந்தி, 2006 டிசம்பரில் தோகா ஆசிய விளையாட்டின் 800 மீட்டரை 2 நிமிஷம் 3.16 விநாடியில் ஓடி, கஜகஸ்தான் வீராங்கனையை ஒரு விநாடியின் நூற்றில் மூன்று பாகத்தால் முந்தி வெள்ளி பெற்றார். ஓட்டத்துக்குப் பின் அவருடைய உடல் பாலினச் சோதனைக்கு உட்படுத்தப்பட்டது. சோதனை இன்னதென்றும் அதன் விளைவு இன்னதென்றும் அப்பெண்ணுக்கு ஒழுங்காக எடுத்துரைக்கப்படுமுன்பே பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் உலகுக்கு உரைத்துவிட்டன. ஊக்க மருந்து உண்டவரல்லர், பொய் சொன்னவரல்லர். பிறந்த உடம்போடு ஓடியவர். பதக்கம் பறிக்கப்பட்டது. அவர் சார்பில் மேல்முறையீடு செய்யத் துணிந்து எந்த விளையாட்டு நிர்வாகமும் முன்வரவில்லை. தமிழக அரசு அறிவித்திருந்த 15 லட்ச ரூபாயை மட்டும், செய்தி வெளியான பின்பும் அப்போதைய முதலமைச்சர் கருணாநிதி மறுக்காமல் கொடுத்தார். அப்பணத்தில் ஒரு பகுதியைச் சாந்தி தம் ஊர்ப்பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி அளிப்பதில் செலவிட்டார். 2012இல் அவர் மறுபடியும் சூளையில் கல் சுமந்துகொண்டிருப்பதாகச் செய்தி வந்தபோதுதான் தேசத்துக்கு அவர் நினைவு வந்தது. பின்பு பயிற்சியாளர் பட்டயம் பெற்று, 2016இல் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் நிரந்தரப் பயிற்சியாளரானார்.

இதே வகைச் சோதனைக்கு 2009இல் ஆளான தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமன்யாவுக்காக அவருடைய அரசாங்கமே கொதித்து எழுந்தது. பெர்லினில் அவர் வென்ற தங்கம் அவரிடமே இருந்தது. ஒடிசாவின் தூத்தி சந்த் வழக்குத் தொடுத்து, 2015இல் சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம் இத்தகைய சோதனைக்கு இடம் தந்த விதியையே நிறுத்தி வைக்கும்படி செய்தார். தூத்திக்காக வாதாட ஆள் கிடைத்ததற்குச் சாந்திக்கு யாரும் கிடைக்காமற்போன அவமானமும் ஒரு காரணம் என்றே நான் கருதுகிறேன். பதிவேட்டில் சாந்தியின் வெள்ளியைக் குறித்த வரி அடிக்கப்பட்டிருக்கலாம். தமிழ்நாட்டுத் தடகளத்தைப் பற்றி எழுதுகிறவன் அதை அடிக்கக் கடமைப்பட்டவன் அல்லன்.

கோமதியின் கதை வேறு. முடிகண்டம் கிராமத்திலிருந்து வந்து வருமான வரித் துறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அவர், 2019இல் அதே தோகாவில் அதே 800 மீட்டரில், முப்பது வயதில், ஆசியத் தங்கம் பெற்றார். காலுக்கொரு நிறமாக அவர் அணிந்திருந்த பழைய ஷூவைப் பார்த்தவுடன், அது வறுமையின் சின்னம் என்று நாம் கண்ணீர் மல்கினோம். அவரோ அது தமக்கு ராசியான ஷூ என்று சொல்லிவிட்டுப் போனார். வறுமையைப் பூஜிப்பதில் நமக்கு இருக்கும் வேகம் இப்படிப்பட்டது. சில மாதங்களுக்குள் ஊக்க மருந்துச் சோதனையில் அவர் தவறியதாக முடிவு வந்து, பதக்கமும் நான்கு வருஷமும் போயின. 2021 கூட்டமைப்புக் கோப்பையில் தூத்தி சந்தை 100 மீட்டரில் தோற்கடித்து, 200 மீட்டரில் பி.டி. உஷாவின் போட்டிச் சாதனையைக் கடந்த தனலட்சுமிக்கும் பின்னாளில் இக்கதியே நேர்ந்தது. இவற்றை மறைத்து எழுதுவது நாணயமன்று. ஒன்றை மாத்திரம் குறிப்பிடலாம்: பந்தயம் முடிந்து பரிசுப் பணம் அறிவிக்கப்படும் நாளில் கூடும் கூட்டத்தில், எந்த மாத்திரையை எதற்காக யார் கொடுத்தார்கள் என்று ஒரு கிராமத்துப் பெண்ணிடம் முன்கூட்டியே கேட்டு எச்சரித்திருக்கக்கூடியவர் ஒருவரும் காணப்படுவதில்லை.

உத்தியோகத்தின் பங்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். லாரி ஓட்டுநரின் மகனான ஆரோக்கிய ராஜீவுக்கு ராணுவம். மதுரைச் சக்கிமங்கலத்தில் தாய் தந்தையரைச் சிறு வயதிலேயே இழந்து, கூலி வேலை செய்த பாட்டியால் வளர்க்கப்பட்டு, வெறுங்காலோடு ஓடிப் பயிற்சியாளர் கண்ணனின் பார்வையில் பட்ட ரேவதி வீரமணிக்கு ரயில்வே. நாகநாதன் பாண்டிக்குக் காவல்துறை. ராஜேஷ் ரமேஷுக்கு மீண்டும் ரயில்வே, அதுவும் ரயில் பெட்டிகளில் பயணச்சீட்டுப் பரிசோதிக்கும் வேலை. அந்த ராஜேஷ்தான் 2023இல் புடாபெஸ்ட் உலகப் போட்டியில் 4 x 400 மீட்டரை 2 நிமிஷம் 59.05 விநாடியில் ஓடி ஆசிய சாதனை நிகழ்த்திய இந்திய நால்வரில் கடைசிச் சுற்று ஓடியவர். அவ்வாண்டே ஹாங்சோவில் ஆசியத் தங்கமும் கிடைத்தது. மாதச் சம்பளம் என்னும் ஒன்று இல்லாவிட்டால் இவர்களில் பெரும்பாலோர் இருபத்திரண்டாம் வயதிலேயே மைதானத்தை விட்டிருப்பர். கொரோனாவால் ஓராண்டு தள்ளி 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்குக்குத் தமிழகத்திலிருந்து ஐந்து தடகள வீரர்கள் போனார்கள். கலப்புத் தொடரோட்டத்தில் இந்தியாவுக்காக ஓடிய நால்வரில் ரேவதி, சுபா, ராஜீவ் ஆகிய மூவர் தமிழர். அவர்கள் இறுதிக்குச் செல்லவில்லை. செல்லாததையும் எழுதிவைக்க வேண்டும். அந்த மூன்று பேர் அந்தக் கோட்டில் நின்றதையும் எழுதிவைக்க வேண்டும்.

திருவண்ணாமலை தனி மாவட்டமானது 1989இல். அதற்கு முன் இது வட ஆர்க்காட்டின் பகுதி. ஆகையால் பழைய வட ஆர்க்காட்டின் தலைநகரான வேலூரை நான் அயலூராக நினைப்பதில்லை. அங்கே சத்துவாச்சாரி என்னும் பகுதி பளு தூக்குதலுக்குப் பேர்போனது. தகப்பன் தூக்கிய இரும்பை மகன் தூக்குகிறான். தெருவில் ஒருவன் தேசியப் போட்டிக்குப் போய்வந்தால் அடுத்த வீட்டுச் சிறுவன் மறுநாள் காலையில் பயிற்சிக் கூடத்தின் வாசலில் நிற்கிறான். முன்னாள் ராணுவ வீரரும் பளு தூக்குபவருமான தந்தையிடம் தொடங்கிய சதீஷ் சிவலிங்கம், 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் விளையாட்டின் 77 கிலோ பிரிவில் ஒரே வீச்சில் 149 கிலோவும், மார்பில் நிறுத்தி மேலேற்றும் முறையில் 179 கிலோவுமாக மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் பெற்றார். 2018 கோல்ட் கோஸ்டில் மறுபடியும் தங்கம். நம் தீபக் கொப்பரை சுமப்பவர்களைப் போலவே இங்கும் தலைமுறை தலைமுறையாகக் கைமாறும் பழக்கமே பலமாகத் திரண்டிருக்கிறது. இதைப் பார்த்துவிட்டு இரத்தம் என்று சொல்வோர் உண்டு. தெருவின் மூலையில் ஒரு பயிற்சிக் கூடம் இருப்பதைக் கவனிக்காதவர்களே அப்படிச் சொல்வர்.

தடை தாண்டும் ஓட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிக் கடக்கலாம். அவிநாசிப் பக்கத்துத் தருண் அய்யாசாமி, ஆசிரியையான தாயின் உழைப்பில் வளர்ந்து, 2018 ஜகார்த்தாவில் 400 மீட்டர் தடை ஓட்டத்தை 48.96 விநாடியில் முடித்து வெள்ளி பெற்றார். கோவையின் வித்யா ராம்ராஜ், 2023 ஹாங்சோவின் தகுதிச் சுற்றில் 55.42 விநாடி ஓடினார். 1984இல் லாஸ் ஏஞ்சலஸில் உஷா ஓடி, நூற்றில் ஒரு பங்கு விநாடியில் வெண்கலத்தை இழந்த அதே நேரம், புள்ளி பிசகாமல். 39 ஆண்டுகளாக ஒரு பெண்ணின் நேரத்தை இந்தியாவில் வேறெவரும் எட்டவில்லை என்பது உஷாவின் பெருமை. அவ்வளவு காலம் பிடித்தது என்பது நம் எல்லோருடைய குறை.

சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டியில், ஐந்து வயதில் பேருந்து ஏறி வலக்கால் சிதைந்த மாரியப்பன் தங்கவேலு, காய்கறி விற்ற தாயின் வருமானத்தில் படித்து, பள்ளியின் உடற்பயிற்சி ஆசிரியர் ஒருவரின் தூண்டுதலால் உயரம் தாண்டத் தொடங்கினார். 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம், டோக்கியோவில் 1.86 மீட்டருக்கு வெள்ளி. 2024 பாரிஸில் 1.85 மீட்டருக்கு வெண்கலம். டோக்கியோவில் அன்று மழை. ஊனமுற்ற காலில் அவர் அணிந்திருந்த காலுறை நனைந்து கனத்துப்போனதால் தாண்டுவது கடினமாயிற்று என்று பின்னர் அவரே சொன்னார். நனைந்த காலுறை ஒன்றால் தங்கம் வெள்ளியாகும் நுட்பத்தில் நடக்கிற போட்டி அது. மூன்று பாராலிம்பிக்கில் தொடர்ந்து பதக்கம் என்பது தமிழ்த் தடகளம் முழுவதிலும் ஒப்பாரில்லாத சாதனை என்பது என் அபிப்பிராயம். ஆயினும் ‘மாற்றுத் திறனாளி’ என்ற அடைமொழியோடு ஒதுக்கி, கடைசிப் பக்கத்தில் போடுவதே இன்றும் நம் பத்திரிகைகளின் வழக்கமாயிருக்கிறது.

இந்த மாரியப்பனைச் சேலத்திலிருந்து பெங்களூருக்கு அழைத்துச் சென்று பயிற்சி அளித்தவர் சத்தியநாராயணா. தூத்துக்குடி மாவட்டத்து முதலூரின் ஜெஸ்வின் ஆல்ட்ரின், 2023 மார்ச்சில் 8.42 மீட்டர் நீளம் தாண்டித் தேசிய சாதனை படைத்தது கர்நாடகத்து விஜயநகரத் தனியார் பயிற்சி நிலையத்தின் குழியில். சோழ நாட்டுக் கிராமமொன்றிலிருந்து சென்ற பிரவீன் சித்திரவேல், 2018இல் இளையோர் ஒலிம்பிக்கில் மும்முறைத் தாண்டுதலில் வெண்கலம் பெற்று, 2023 மே மாதம் கியூபாவின் ஹவானாவில், கியூபப் பயிற்சியாளர் பெத்தான்சோஸின் துணையோடு, 17.37 மீட்டர் தாண்டி இந்திய சாதனையைத் தன்வசமாக்கினார். லட்சுமணனையும் ராஜீவையும் முழுமையாக்கியது ராணுவம். முதற்படியில் ஏற்றிவிட நம் ஊர்களில் டிரில் மாஸ்டர்களும் லோகநாதன்களும் கண்ணன்களும் இருந்திருக்கிறார்கள். இரண்டாவது படி ஏறக்குறைய எல்லோருக்கும் அயலிலேயே வாய்த்திருக்கிறது.

அரசு சும்மா இருக்கிறது என்று சொல்ல இயலாது. விளையாட்டு விடுதிகள் உள்ளன. முதலமைச்சர் கோப்பைக்கான போட்டிகள் மாவட்டந்தோறும் நடக்கின்றன. அரசு வேலையில் 3 விழுக்காடு விளையாட்டு வீரர்களுக்கென்று ஒதுக்கப்பட்டிருக்கிறது. மாவட்டத் தலைநகரங்களில் சுண்ணாம்புக் கோட்டுக்குப் பதிலாகச் செயற்கை ஓடுபாதை வேண்டுமென்ற கோரிக்கையும், அதற்கான மதிப்பீடுகளும், டெண்டர் விளம்பரங்களும் வந்துகொண்டிருக்கின்றன. அப்பாதையின் ஓரத்தில் விடியற்காலை ஐந்தரை மணிக்கு வந்து நிற்கப் போகிறவர் ஒப்பந்தச் சம்பளத்தில் ஓராண்டு இருப்பாரா, லோகநாதனைப் போலத் தலைமுறை ஒன்றை ஓட்டிப் பார்க்கும் வரை இருப்பாரா என்பதைப் பற்றி அந்த விளம்பரங்களில் ஒரு வரியும் இல்லை.